மூன்றாம் மறுப்பு

சிறுவர்களின் குதிரையேற்றப் போட்டிக்கென எழுதப்பட்ட விதிநூல் ஒன்றை ஒரு பங்குக் குரு அட்டை முதல் அட்டை வரை படித்தார் என்றால், அவருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பவர் இருக்கக்கூடும். நாம் குதிரை ஏறியவர் அல்லோம். சிறு வயதில் திருவிழாத் தேரில் சந்தியாகப்பர் சுரூபத்தின் வெள்ளைக் குதிரையை அண்ணாந்து பார்த்ததோடு நம் குதிரை அறிவு நின்றுவிட்டது. ஆயினும் குருத்துவக் கல்லூரியில் திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் புரட்டிய நாள்களில் நம் மனத்தைத் தொடாத ஒன்று, அந்த விதிநூலின் ஒரு பகுதியைப் படித்தபோது தொட்டது. அதை வாசகரோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

நூல் நம் கைக்கு வந்த வழியைச் சொல்லிவிடுவோம். ஒரு கோடையில், இங்கிலாந்து நாட்டுப்புறப் பங்கு ஒன்றின் குரு விடுப்பில் சென்றிருந்த ஒரு மாதத்திற்கு அவருடைய பணியை நாம் ஏற்றிருந்தோம். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வரும் மூதாட்டி ஒருவர், போனி கிளப் நடத்தும் சிறுவர் போட்டிகளில் தடை நடுவராகப் பல ஆண்டுகள் தொண்டு செய்து வந்தவர். அடுத்த சனிக்கிழமை தம்முடன் வந்து அமர வேண்டும் என்று அழைத்த அவர், படிக்காமல் வந்தால் ஒன்றும் புரியாது என்று சொல்லி விதிநூலையும் கொடுத்தனுப்பினார். இரண்டு இரவுகளில் அதைப் படித்து முடித்தோம். ஊர் திரும்பிய பின்னரும் பன்னாட்டு விதிகளையும் பிற நாட்டு விதிகளையும் தேடிப் படிக்கும் ஆவல் நம்மை விடவில்லை.

அவ்விளையாட்டை ஆங்கிலத்தில் ஈவென்ட்டிங் என்பர். ஒரே குதிரையோடு ஒரே சவாரியாளர் மூன்று சோதனைகளைக் கடக்க வேண்டும். டிரஸாஜ் எனும் ஒழுங்கு நடை முதலாவது. சிறுவர்க்குப் பெரும்பாலும் நாற்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் உள்ள களத்தில், குதிரை வட்டமிட்டும் நேராகவும் நடந்தும் ஓடியும் காட்ட, ஒவ்வோர் அசைவுக்கும் பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பெண் இடுவர். அப்போது குதிரையோடு வாய் திறந்து பேசினால் மதிப்பெண் குறையும். (மறையுரைக்கும் இப்படியொரு விதி இருக்கலாகாதா என்று நம் பங்கு மக்களில் சிலர் எண்ணக்கூடும்.) வயலும் காடும் நீரும் கடந்து செல்லும் பாதையில், அசையாத மரக்கட்டைகளையும் பள்ளங்களையும் புதர் வேலிகளையும் தாண்டிச் செல்லும் கிராஸ் கன்ட்ரி எனும் வெளியோட்டம் அடுத்தது. தட்டினால் விழும் வண்ணக் கம்புகளைத் தாண்டுவது மற்றொன்று. ஒரு கம்பு விழுந்தால் நான்கு தண்டப் புள்ளி. ஒரே நாளில் முடிகின்ற போட்டிகளில் பின்னிரண்டும் முன்பின்னாக மாறி வருவதுண்டு. இறுதியில் எவருக்குத் தண்டப் புள்ளி குறைவோ அவரே வென்றவர்.

இது போர்க்களத்தில் பிறந்த விளையாட்டு. அணிவகுப்பில் அடங்கி நிற்கவும், காடு மேடு பாராமல் ஓடவும், மறுநாள் மீண்டும் சேணம் ஏற்கவும் குதிரைப்படைக் குதிரைக்கு இயலுமா என்று படைத்தலைவர்கள் பார்த்த சோதனையே பின்னர் போட்டியாயிற்று. 1902இல் பாரிஸ் நகரில் இராணுவக் குதிரைகளுக்கென இத்தகைய போட்டி நடந்தது. 1912இல் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. 1948 வரை அங்கே இதில் இறங்கியவர்கள் படை அதிகாரிகள். 1952இல் ஹெல்சிங்கியில்தான் மற்றவர்க்குக் கதவு திறந்தது. பெண் ஒருவர் முதன்முதலாக இதில் இறங்கியது 1964 டோக்கியோவில். நம் நாட்டிலும் இதைப் பேணி வளர்த்ததில் இராணுவத்துக்குப் பெரும் பங்குண்டு. 1982 தில்லி ஆசிய விளையாட்டுகளில் ரகுபீர் சிங் தனிநபர் தங்கம் வென்றார். அணிக்கும் தங்கம் கிடைத்தது. 2018இல் ஜகார்த்தாவில் ஃபவாத் மிர்சா வெள்ளி வென்றார்.

படைவீரனுக்கென உருவான சோதனையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது எவற்றைச் சேர்ப்பது, எவற்றை நீக்குவது? சிறுவர் விதிகள் எல்லாம் இக்கேள்விக்கு விடை தேடியவை என்றே நமக்குத் தோன்றியது. பன்னாட்டுக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதிப்படி மட்டக்குதிரைப் பிரிவு பன்னிரண்டு முதல் பதினாறு வயதினருக்கு. ஜூனியர் பிரிவு பதினான்கு முதல் பதினெட்டு வரை. இளம் சவாரியாளர் பிரிவு பதினாறு முதல் இருபத்தொன்று வரை. வயதுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதைக் காண்க. பதினாறு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே அளவு வளர்ந்திருப்பதில்லை என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள். மட்டக்குதிரையின் உயரத்துக்கும் வரம்பு உண்டு. இலாடமின்றி 148 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. தலைக்கவசம் இன்றிக் குதிரைமேல் அமரலாகாது; வெளியோட்டத்துக்கு மார்புக் கவசமும் வேண்டும். இவை எளிதில் விளங்குபவை.

நாம் நெடுநேரம் சிந்தித்த விதி வேறு. வெளியோட்டப் பாதையைச் சவாரியாளர் முன்கூட்டியே நடந்து பார்க்கலாம். பயிற்சியாளரோடு நடந்து, ஒவ்வொரு தடையின் முன்பும் நின்று, எங்கே திரும்புவது, எங்கே வேகம் தணிப்பது, வலப்புறச் சிவப்புக் கொடிக்கும் இடப்புற வெள்ளைக் கொடிக்கும் நடுவே எந்தக் கோணத்தில் நுழைவது என்று காலடியால் அளந்து முடிவு செய்துகொள்ளலாம். குதிரைக்கோ அந்த உரிமை இல்லை. போட்டிக்கு முன் அதற்குத் தடைகளைக் காட்டலாகாது. பள்ளத்தின் மறுபக்கம் நிலம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. முதுகில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியும் என்று நம்பித்தான் அது பாய்கிறது. பயணம் தொடங்கிய பின்னர் அந்தப் பிள்ளைக்கும் வெளியிலிருந்து எவரும் வழி சொல்லலாகாது. தாயோ தந்தையோ ஓரத்தில் நின்று இப்படித் திருப்பு, அப்படிப் பிடி என்று கூவினால், அது தகாத உதவி எனக் கருதப்பட்டு அப்பிள்ளையே போட்டியிலிருந்து விலக்கப்படலாம்.

வேகத்துக்கும் நெறி வைத்திருக்கிறார்கள். பாதையின் நீளத்தை அளந்து, இத்தனை நிமிடம் இத்தனை நொடியில் வருவதே தகுந்தது என்று அறிவிப்பர். அதைத் தாண்டிய ஒவ்வொரு நொடிக்கும் 0.4 தண்டப் புள்ளி. முந்தி வருவதால் பயன் ஏதும் இல்லை. அமெரிக்காவின் தொடக்க நிலைப் போட்டிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், மிக விரைந்து வருபவருக்கும் தண்டம் விதிக்கிறார்கள். விரைவே திறமை என்று பிள்ளைகள் நம்பும் வயதில், ஒரு விளையாட்டு இப்படிச் சொல்வது நமக்கு வியப்பாயிருந்தது. பின்னால் வருபவர் நெருங்கிவிட்டால், முன்னால் செல்பவர் விரைந்து ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதும் அதே நூலில் உள்ளதே. நம் ஊர்ச் சாலைகளை நினைத்துக்கொண்டோம்.

இனி மறுப்புக்கு வருவோம். தடையின் முன் வந்து குதிரை நின்றுவிட்டாலோ, பக்கவாட்டில் விலகி ஓடினாலோ அதை மறுப்பு என்பர். வெளியோட்டத்தில் முதல் மறுப்புக்கு இருபது தண்டப் புள்ளி. அதே தடையில் இரண்டாம் முறை மறுத்தால் நாற்பது. மூன்றாம் முறை மறுத்தால் போட்டி முடிந்தது. விலக்கப்பட்டவர் மேற்கொண்டு எந்தத் தடையையும் தாண்டலாகாது. குதிரையை நடத்திக்கொண்டே களத்தை விட்டு வெளியேற வேண்டும்.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது சாட்டை பற்றிய விதி. குதிரையை முன்செலுத்தவோ, கீழ்ப்படியாமல் போன அக்கணமே கண்டிக்கவோ மட்டும் சாட்டை உதவலாம். குதிரையின் தலையில் அது படவே கூடாது. சவாரியாளர் தம் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள அதைப் பயன்படுத்தலாகாது. பிறகு வருகிறது, நாம் இரண்டு முறை படித்த அந்த வரி: விலக்கப்பட்ட பின்னர் விழும் அடி, அது ஒன்றே ஆயினும், மென்மையானதே ஆயினும், மிகையான அடி எனவே கொள்ளப்படும். அதற்கு மேல் விளக்கம் இல்லை. தோற்ற பின் அடிப்பதற்குத் தகுந்த காரணம் என்று ஒன்று இருக்கவே முடியாது என்று ஒரு விளையாட்டின் சட்டம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

விவிலியம் படித்தவர்க்கு இவ்விடத்தில் பிலயாமின் கழுதை நினைவுக்கு வராமல் இராது. எண்ணிக்கை நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் அக்கழுதையும் மும்முறை மறுக்கிறது. முதலில் வழியை விட்டு வயலுக்குள் விலகுகிறது. அடுத்துத் தோட்டச் சுவரோடு ஒட்டி, ஏறியிருந்தவரின் காலை நெரிக்கிறது. மூன்றாம் முறை திரும்ப இடமின்றிப் படுத்துவிடுகிறது. மும்முறையும் பிலயாம் அடிக்கிறார். கையில் வாள் இருந்திருந்தால் கொன்றிருப்பேன் என்ற அளவுக்குச் சீறுகிறார். வாளோ வழியில் நின்ற ஆண்டவரின் தூதர் கையில் இருந்தது. கழுதை கண்டதைத் திருக்காட்சியாளர் காணவில்லை. வாய் திறக்கப்பட்ட அவ்விலங்கு தன் உரிமை எதையும் பேசவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இத்தனை காலம் சுமந்தேனே, இப்படி நடப்பது என் வழக்கமா என்றுதான் அது கேட்கிறது. தூதரின் முதல் கேள்வியும் பிலயாமின் பயணத்தைப் பற்றியதாய் இல்லை. கழுதையை மும்முறை அடித்தது ஏன் என்பதே.

வழக்கமாக இப்பகுதியை இறைவாக்கின் வல்லமைக்குச் சான்றாகவே நாம் கற்பிக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் அந்த விதிநூலைப் படித்த பின், மறுக்கின்ற ஒன்றைக் கண்டதும் கை ஏன் முதலில் ஓங்குகிறது என்ற கேள்வி நமக்கு முன்னால் வந்து நின்றது. விதியை எழுதியவர்கள் குதிரையின் மறுப்பைச் சவாரியாளரின் கணக்கிலேயே எழுதுகிறார்கள். குதிரைக்குத் தனிக் கணக்கு இல்லை. அது ஏன் நின்றது என்று அறிய வேண்டியவர் சவாரியாளரே. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418ஆம் எண்ணில் கற்பிக்கிறது. விலங்கின் மாண்பு என்று சொல்லாமல் அடிப்பவரின் மாண்பு என்று சொல்லியிருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

(குதிரையும் விவிலியமும் என்ற பேச்சு எழுந்தால் பவுலடியார் குதிரையிலிருந்து விழுந்ததைச் சிலர் சொல்வர். திருத்தூதர் பணிகள் நூலில் சவுல் தரையில் விழுந்தார் என்று உண்டு, குதிரை இல்லை. அதைச் சேர்த்தவர்கள் ஓவியர்கள்.)

சனிக்கிழமை வந்தது. ஏழாம் தடை எங்களுக்குரியது: ஒரு பள்ளம், அதன்மேல் கிடத்திய ஒரு மரக்கட்டை. மூதாட்டியின் மடியில் ஒரு தாள், கழுத்தில் ஓர் ஊதல், பக்கத்தில் ஒரு வானொலிக் கருவி. இரக்கப்பட்டு ஏதும் சொல்லிவிடாதீர்கள், உங்கள் இரக்கம் பிள்ளைக்குத் தண்டமாகிவிடும் என்று அவர் நம்மை முன்பே எச்சரித்திருந்தார். ஏறத்தாழ பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி செந்நிற மட்டக்குதிரையில் வந்தாள். அது பள்ளத்தின் விளிம்பில் நின்றது. வட்டமிட்டு மீண்டும் வந்தாள், மீண்டும் நின்றது. மூன்றாம் முறை தொலைவிலேயே வேகம் பிடித்து வந்தும் குளம்புகள் புல்லில் சறுக்கி நின்றன. மூதாட்டி எழுந்து கையை உயர்த்தி, முடிந்தது மகளே, என்றார்.

சிறுமியின் முகம் சிவந்தது. வலக் கையில் சாட்டை இருந்தது. அந்தக் கை சற்று உயர்ந்ததையும் நாம் கண்டோம். கயிற்றுக்கு அப்பால் நின்ற தந்தை உரத்த குரலில் ஏதோ சொன்னார். மூதாட்டி அவரைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவே. சிறுமி சாட்டையை இடக் கைக்கு மாற்றிக்கொண்டு, வெறுங்கையால் குதிரையின் கழுத்தை இரண்டு முறை தட்டினாள். பின்னர் அழுதுகொண்டே, நடையாகவே, கயிற்றோரமாகப் போனாள். அடுத்து வந்த குதிரைகள் எல்லாம் அதே பள்ளத்தை எளிதாகத் தாண்டின. அந்த ஒன்று மட்டும் ஏன் நின்றது என்று கடைசிவரை எவருக்கும் விளங்கவில்லை. அங்கே வாளோடு எவராவது நின்றாரா என்று நாம் எட்டிப் பார்க்கவும் இல்லை.

தேநீர் அருந்தும்போது, இத்தனை விதிகளும் வேண்டுமா என்று கேட்டோம். அவர் 1999ஆம் ஆண்டைச் சொன்னார். அந்த ஓர் ஆண்டில் பிரித்தானியாவில் இவ்விளையாட்டில் ஐந்து சவாரியாளர்கள் இறந்தார்கள். ஆய்வுக் குழு அமைக்கப்பட்டு 2000இல் அறிக்கை வந்தது. அசையாத தடையில் முன்னங்கால் மோதினால் குதிரை தலைகீழாகப் புரண்டு, ஏறியிருப்பவர்மேல் விழும்; அதுவே உயிர் குடிப்பது. ஓரளவுக்கு மேல் அழுத்தம் விழுந்தால் கட்டை இறங்கிவிடும்படி தாங்கும் ஊசிகளைப் பின்னர் தடைகளில் பொருத்தினார்கள். இன்றைய பன்னாட்டு விதிப்படி, அப்படிக் கட்டை இறங்கினால் பதினொரு தண்டப் புள்ளி. உயிரைக் காத்த ஒன்றுக்கும் விலை வைத்திருக்கிறார்கள்; அது சரியா என்ற விவாதம் உண்டு.

ஆனாலும் இறப்பு நின்றுவிடவில்லை. 2016இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மார்ச் மாதத்தில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியும் ஏப்ரல் முடிவில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியும் வெளியோட்டத்தில் குதிரை புரண்டு இறந்தார்கள். 2019இல் மரண விசாரணை அலுவலர் இரு இறப்புகளையும் ஆராய்ந்து பாதுகாப்புப் பரிந்துரைகளை அளித்தார். விதிநூலின் உலர்ந்த வரிகள் பலவற்றின் பின்னே இப்படி ஒரு கல்லறை இருக்கிறது. திருச்சட்டத்தைப் பவுலடியார் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பணியாளுக்கு ஒப்பிட்டதை நாம் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அப்பணியாள் பாடம் சொல்லித் தருபவன் அல்லன். வழியில் பிள்ளை வண்டியில் அடிபடாமல் பார்த்துக்கொள்பவன்.

வீரம் பற்றிய எண்ணமும் இதனால் மாறியிருக்கிறது. 1960 ரோமை ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியரான பில் ராய்கிராஃப்ட், வெளியோட்டத்தில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் அங்கிருந்து வந்து குதிரை ஏறினார்; அணி தங்கம் வென்றது. அவருக்கு வயது நாற்பத்தைந்து. இன்றும் இதை மெய்சிலிர்க்கச் சொல்வர், நமக்கும் சிலிர்க்கிறது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதை எடுத்துக்காட்டாக வைக்க மாட்டோம். முன்பு விழுந்தவர் தண்டப் புள்ளியோடு மீண்டும் ஏறித் தொடர முடிந்தது. இன்று பன்னாட்டு விதிப்படி வெளியோட்டத்தில் விழுந்தாலே அன்றைய போட்டி முடிந்தது. மருத்துவர் பார்த்தாக வேண்டும். எழுந்து ஓடு என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை, தந்தைக்கும் இல்லை.

அந்த வரியை, விலக்கப்பட்ட பின் அடிக்கலாகாது என்ற வரியை, நாம் ஊருக்குக் கொண்டு வந்தோம். நம் பங்கில் எவரிடமும் குதிரை இல்லை. தேர்வு எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாதையை முன்கூட்டியே நடந்து பார்த்தவர்கள் பெற்றோர்; எதுவும் காணாமல் அவர்கள் சொல்லை நம்பிப் பாய்கிறவர்கள் பிள்ளைகள். முடிவு வெளியான பிறகு வீட்டில் விழும் அடிகளையும் சொற்களையும் பற்றி ஒரு குருவுக்குத் தெரியும். தேர்வு முடிவு வந்த மறுநாள் ஒரு பிள்ளையின் அடக்கத் திருப்பலியை நாம் நிறைவேற்றியிருக்கிறோம். அன்று எந்த மறையுரையும் போதுமானதாய் இல்லை.

இப்போதெல்லாம் பிளஸ் டூ முடிவு வரும் நாளில் மாலைத் திருப்பலிக்கு முன் நாம் வீடுகளுக்குப் போகிறோம். வென்ற வீடுகளுக்கு மறுநாள் போகலாம். அங்கே இனிப்பு காத்திருக்கும். சென்ற முறை ஒரு வீட்டில் தந்தை வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் சாமி என்றார். குரலில் அழைப்பு இல்லை. பையன் அடுப்படியில் தாயின் பின்னே நின்றிருந்தான். நாம் உட்கார்ந்து, இங்கிலாந்தில் கண்ட அந்தச் செந்நிறக் குதிரையின் கதையைச் சொன்னோம். அந்த மனிதர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். சாமிக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணியிருக்க வேண்டும். நெடுநேரம் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி, "சாமிக்குக் காபி போடு, அவனும் காலையிலிருந்து சாப்பிடவில்லை, அவனுக்கும் ஏதாவது கொடு" என்றார்.